வாடகைதாரர் ஆவுடையம்மாள்

ஜனவரி 2, வியாழன்

உரக்கடைக்காரர் புது வருஷத்துக்கு டைரி கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பூச்சிமருந்துக் குறிப்பு. முப்பத்தைந்து வருஷமாக அம்பாசமுத்திரத்தில் பத்திர எழுத்தராக இருந்து ஊரார் கதையை எல்லாம் எழுதிவிட்டேன். எனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால் எழுத ஒன்றுமில்லை.

மாடி போர்ஷனில் குடியிருந்த வங்கிப் பெண் மாற்றலாகிப் போய்விட்டாள். என் மனைவி ஆவுடை மேலே போய்ப் பெருக்கித் துடைத்தாள். மூன்று மணிக்கு வரவேண்டிய காப்பி ஐந்து மணிக்கு வந்தது. கேட்டதற்கு, "தூங்கிட்டேன்" என்றாள். வெறுந்தரையிலா என்றேன். ஆமாம் என்றாள். காப்பியில் சர்க்கரை தூக்கல்.

ஜனவரி 5, ஞாயிறு

"மாடி போர்ஷனுக்கு ஆள் பாக்காண்டாம்" என்றாள் ஆவுடை.

"ஏன்?"

"நான் குடி போறேன்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சரி, தமாஷ் என்று நினைத்து இன்னும் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

தமாஷ் இல்லையாம்.

ஜனவரி 8, புதன்

காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். என் குறட்டை. என் அக்கா. கிரைண்டர் ரிப்பேர் ஆகி இரண்டு மாதம் ஆகிறது. தீபாவளிக்கு எடுத்த சேலையின் நிறம். எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"அப்ப நான் என்னட்டி தப்பு செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல. அன்னைக்கு மேல பெருக்கிட்டுச் சும்மா படுத்தேன். ரெண்டு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடல. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல அதான் மொதத் தடவ. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

இது ஒரு காரணமா? இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடவில்லை என்று ஒருத்தி குடும்பத்தை விட்டுப் படியேறுவாளா? மார்கழியில் யாரும் குடி போக மாட்டார்கள் என்று சொல்லிப் பேச்சை முடித்தேன்.

"சரி, தை வரட்டும்" என்றாள்.

தை வருவதற்குள் மறந்துவிடுவாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நன்றாகப் பொங்கியது. அவள் மறக்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

ஒரு யுக்தி செய்தேன். வாய்ப்பேச்சில் வீராப்பாக இருக்கிறவர்கள் முத்திரைத்தாளைப் பார்த்ததும் பின்வாங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். "ஒப்பந்தம் போடாம யாருக்கும் வீடு விட மாட்டேன்" என்று சொன்னேன். பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதம் என்றால் பதிவு செய்ய வேண்டாம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

மசூதிடம் முத்திரைத்தாள் வாங்கினேன். மசூது என் பக்கத்துக் கடையில் முத்திரைத்தாள் விற்கிறவர், இருபது வருஷ சிநேகிதர். தாளை விற்கும்போது பெயர் எழுத வேண்டும் அல்லவா? பாதி எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"என்ன வேய் இது? ரெண்டு பேரும் ஒரே வீட்டுக் கதவு நம்பரு?"

"எழுதும் வேய்."

மாமூல் வாசகத்தையே எடுத்து எழுதினேன். சொத்து விவரம் எழுதும்போது மாடி என்றால் மேல் கீழ் எல்லையும் சொல்வது என் வழக்கம். மேல் எல்லை ஆகாயம். கீழ் எல்லை உரிமையாளர் குடியிருக்கும் தளம். வாடகை, மாதம் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய்.

சாயங்காலம் அவளிடம் படித்துக் காட்டினேன். பயப்படுவாள் என்று பார்த்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒரு தடவை படித்தாள்.

"இதுல 'குற்றாலிங்கம் மனைவி ஆவுடையம்மாள்'னு இருக்கு."

"அதான வழக்கம்?"

"வீட்டு ஓனரும் குற்றாலிங்கம். குழப்பமா இருக்கும்லா? 'சண்முகவேல் மகள்'னு போடுங்க."

அவள் அப்பா செத்து இருபது வருஷம் ஆகிறது. அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். யுக்தி பலிக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

நல்ல நேரம் பார்த்துக் குடி போனாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஒற்றை அடுப்பு, நாலு பாத்திரம், ஒரு பாய். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வெளிப்படி ஏறினேன். வாசலில் நின்று கையை நீட்டி மறித்தாள்.

"ஆறாவது ஷரத்து."

வாடகைதாரர் அனுமதியின்றி உரிமையாளர் உள்ளே நுழையக்கூடாது. மாமூல் வாசகம். எல்லா ஒப்பந்தத்திலும் எழுதுவேன். இதிலும் எழுதியிருக்கிறேன், என் கையாலேயே. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு இறங்கினேன். முட்டி வலிக்கிறது.

ஒரு மாதம். அதற்கு மேல் தாங்க மாட்டாள்.

ஜனவரி 23, வியாழன்

உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். 'டீத்தூள்' என்று எழுதியிருக்கும் டப்பாவில். டீத்தூள் 'ரவை' என்பதில் இருக்கிறது. ரவை இன்னும் அகப்படவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று செய்தவை: துணி துவைத்தேன். வேட்டி நீலமாகிவிட்டது. குழம்பு வைத்தேன், அதுவும் ஏறக்குறைய அதே நிறம். ஓட்டலில் சாப்பிட்டேன்.

மேலே ஒரு பேப்பர் தனியாக வருகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு பேப்பரா என்று பேப்பர்காரரைக் கேட்டேன். "மாடி வேற வீடுல்லா அண்ணாச்சி" என்றார். நான் படித்து முடித்த பேப்பரைத்தான் அவள் இத்தனை வருஷமும் படித்தாள். அதில் என்ன குறை? எழுத்தா அழிந்துவிடும்?

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு மாதம் ஆயிற்று. ஊறுகாய் பாட்டில் வாசலில் இருந்தது. ரசீது கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை உரிமையாளர் வந்து பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. போனேன். போர்ஷன் பரிசோதனைக்காகத்தான்.

அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தையல் வகுப்பு, ஊறுகாய் வியாபாரம், சாமியார், ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. ஒரு பாய், ஒரு நாற்காலி, ஜன்னலுக்குப் பக்கத்தில் பேப்பர்.

"பொழுதுக்கும் என்னதான் செய்யுத?"

"ஒண்ணும் செய்யல. பசிச்சா சமைக்கேன். நேத்து மத்தியானம் வெறும் மாங்காயும் சோறும்தான். நல்லா இருந்துச்சு."

காப்பி போடும்போது, "சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதாக்கும்?"

"வந்தவங்ககிட்ட கேக்கணும்லா."

ஒன்றரை என்றேன். முப்பத்தோரு வருஷமாக இரண்டு போட்டிருக்கிறாள். எனக்கு ஒன்றரைதான் பிடிக்கும் என்பதை நானும் சொன்னதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பிச்சம்மா அக்காவை வரவழைத்தேன். எனக்கு மூத்தவள், அறுபத்தெட்டு வயது. அவள் வாயைத் திறந்தால் கடையத்திலிருந்து பாவநாசம் வரை கேட்கும். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏல குத்தாலம், நீ கீழயே இரி. அவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன், பாரு."

மேலே போனாள். முதல் அரைமணி நேரம் சத்தம். பிறகு சத்தமில்லை.

மார்ச் 12, புதன்

அக்கா இன்னும் இறங்கவில்லை.

மார்ச் 15, சனி

அக்கா நாலு நாள் கழித்து இறங்கினாள். முகம் தெளிச்சியாக இருந்தது. "என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? நல்லா ஒறங்குனேன்" என்றாள். பஸ் ஏறும்போது திரும்பி, "ஏல, எங்க வீட்டுலயும் மாடி ஒண்ணு எடுக்கணும்னா என்ன செலவாகும்?" என்றாள்.

அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

கடைத்தெருவில் எல்லாரிடமும் ஆவுடை சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். இன்று பத்திர ஆபீஸ் தெருவுக்கே வந்து தர்பூசணி வாங்கினாள். எல்லாரிடமும் நலம் விசாரித்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு தானப் பத்திரத்தில் மும்முரமாக இருந்தேன்.

மே 4, ஞாயிறு

பரிசோதனை. ஐந்து மணிக்கு எழுந்தேன். "ஒரு பத்து நிமிஷம் இருங்களேன்" என்றாள். இருபது நிமிஷம் இருந்தேன். ஒப்பந்தத்துக்கு விரோதம்தான், ஆனால் வாடகைதாரர் கேட்டுக்கொண்டதால்.

ஜூன் 18, புதன்

மாடியில் சிரிப்புச் சத்தம். யாரோடு என்று விசாரித்தேன். யாரும் வரவில்லை. பேப்பரில் ஏதோ ஜோக்காம்.

அவள் சிரித்தால் இப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருக்கிறது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. கீழே இருந்தபோதும் பேப்பரில் ஜோக் வந்துகொண்டுதானே இருந்தது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் திரியவில்லை. ஒரு கிண்ணம் மேலே எடுத்துப் போனேன். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சென்னையிலிருந்து மகள் செண்பகா பேசினாள். மாமியாருக்கு முட்டி ஆபரேஷனாம். குழந்தை யாழினிக்கு மூன்று வயது. பார்த்துக்கொள்ள இரண்டு மாதம் அம்மா வரவேண்டும், அம்மா சும்மாதானே இருக்கிறாள் என்றாள்.

"அதுக்கென்ன, வருவா" என்றேன்.

படு ஜோராக அமைந்துவிட்டது. இரண்டு மாதம் போர்ஷன் பூட்டிக் கிடக்கும். திரும்பி வரும்போது பழக்கம் விட்டுப்போயிருக்கும். பெட்டியோடு மறுபடி அத்தனை படி ஏற அவளுக்கு மட்டும் முட்டி வலிக்காதா? கீழே நிலவாசல் திறந்திருக்கும். நேரே அடுப்படிக்கு வந்துவிடுவாள். வீட்டை ஒட்டடை அடித்து வைக்க வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

எட்டு மாதத்தில் முதல் முறையாக ஆவுடை என்னைத் தேடி இறங்கி வந்தாள். உள்ளே வரவில்லை. கேட்டில் நின்றாள்.

"செண்பகா டிக்கெட் அனுப்பியிருக்கா. யாரைக் கேட்டு நான் வருவேன்னு சொன்னீய?"

"நம்ம மகதான? நீ வரமாட்டேன்னா சொல்லப்போற?"

"சொல்லியிருக்க மாட்டேன். கேட்டிருந்தா போயிருப்பேன். நீங்க எங்க கேட்டீய? முப்பத்தோரு வருஷமா எனக்கும் சேத்து நீங்கதான் சரின்னு சொல்லுதீய, வேண்டாம்னும் நீங்கதான் சொல்லுதீய. பால்வாடி டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துச்சே, செண்பகா பொறந்த வருஷம். வேண்டாம்னு எழுதுனது ஆரு?"

"நீதான கையெழுத்துப் போட்ட?"

"நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

போய்விட்டாள். படியில் நிதானமாகத்தான் ஏறினாள். எனக்கு அந்த ஆர்டர் ஞாபகம் இல்லை.

அதே நாள், சாயங்காலம்

ஞாபகம் இருக்கிறது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்கு இப்பணியில் விருப்பமில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' என் கையெழுத்து அப்போது முத்து முத்தாக இருக்கும். நல்ல வாசகமாக அமைந்துவிட்டது என்று ஒரு நகல் கூட எடுத்து வைத்தேன். அவள் விருப்பமில்லை என்று சொன்னாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் எதுவும் சொன்னதாக நினைவு வரவில்லை. நான் பேனாவை நீட்டினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நோட்டீஸ் வந்திருக்கிறது. கதவுக்கு அடியில் தள்ளியிருந்தாள். கார்த்திகை முடிவதற்குள் மேற்படி போர்ஷனைக் காலி செய்கிறாளாம். கல்லிடைக்குறிச்சியில் ஒரு அறை பார்த்துவிட்டாளாம். டிக்கெட்டையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஏதாவது பிழை இருந்தால் செல்லாது என்று சொல்லலாம் என மூன்று தடவை படித்தேன். தேதி, காலக்கெடு, சொத்து விவரம் எல்லாம் சரியாக இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். இருந்தாலும் அது வேறு ஊர்.

இன்று கடை திறக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

மசூதிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. மீதியையும் யூகித்திருக்கிறார்.

"வருவேன்னு வாக்குக் குடுத்தது ஆரு வேய்?"

"நான்தான்."

"அப்ப நீரு போம்."

"நான் போயி என்னத்தச் செய்ய? பிள்ளை வளக்கவா?"

"பத்திரத்துல கையெழுத்துப் போட்டவன்தான நிறைவேத்தணும்? ஊருக்கெல்லாம் நீருதான சொல்லுவீரு?"

எனக்குக் கோபம் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு செண்பகாவுக்குப் போன் போட்டேன்.

செப்டம்பர் 27, சனி. சென்னை

"அப்பா, நீங்களா?" என்றாள் மகள். மருமகன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், வேறு யாரும் இறங்குகிறார்களா என்று.

அக்டோபர் 6, திங்கள்

யாழினிக்குத் தயிர்சாதம் ஊட்ட ஒரு மணி இருபது நிமிஷம் ஆகிறது. ஒரு கிரயப் பத்திரத்தையே அதற்குள் முடித்துவிடுவேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று ஒரு காரியம் செய்தேன். என்னை யார் கூப்பிட்டாலும் இந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். தாத்தா, பேனா எங்கே. தாத்தா, மூச்சா. மாமா, சாவி பாத்தீங்களா. அப்பா, பால் பொங்குது. அண்ணாச்சி, மாத்திரை போட நேரமாயிட்டா. இது சம்பந்தியம்மா, கட்டிலில் படுத்தபடி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அறுபத்துநாலு கோடு. அதற்குமேல் பக்கத்தில் இடமில்லை.

யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு மணிக்குச் சற்றே படுத்தேன். கண் அசரும்போது, "அப்பா, தூங்குறீங்களா? தூங்குங்க, தூங்குங்க. அந்த டவல் மட்டும் எங்க இருக்குன்னு சொல்லிட்டு..."

எழுந்துபோய்க் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம். எனக்கு வயது அறுபது. அங்கே உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன். களைப்பினால் பாதி. மீதி அவளை நினைத்து.

அக்டோபர் 16, வியாழன்

ஆவுடைக்குப் போன் போட்டேன். எடுப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. எடுத்தாள்.

"பாப்பா சாப்பிடுதாளா?"

"சாப்பிடுதா. ஆவுடை, நேத்து பாத்ரூம்ல போயி வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டேன். வெளிய வரவே இல்ல."

 சிரித்தாள். பேப்பர் ஜோக்குக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

"நான் நெல்லுக் குதிருக்குப் பின்னால நிப்பேன். நீங்க ரெண்டு சுத்துத் தேடிட்டுத் திரும்பிப் போவீய."

"ஒரு தடவ கூட நான் பாக்கலையே?"

"நீங்க எங்க பாத்தீய. கூப்பிட்டீய."

  யாழினி வந்து போனைப் பிடுங்கி, ஆச்சியிடம் ஒரு எறும்பைப் பற்றி நெடுநேரம் பேசினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

செண்பகா காய் நறுக்கிக்கொண்டே, "அம்மாகிட்ட நீங்களே கேட்டா என்னப்பா, கீழே வந்துடுன்னு?" என்றாள்.

நான் அதைச் செய்யவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்திரைத்தாளை நீட்டினேன், அக்காவை அனுப்பினேன், டிக்கெட் எடுக்க வைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அதனால்தான் வாழ்நாள் முழுக்க அவளை எதுவும் கேட்காமல் இருந்தேன் போலிருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

ஊர் வந்து சேர்ந்தேன். மாடியில் பெட்டி கட்டுகிறாள். வாசலில் இரண்டு அட்டைப்பெட்டிகள்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை விளக்கு. படியில் ஏற்ற அவளுக்கு அகல் போதவில்லை. கீழேயிருந்து ஒன்பது கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கீழே வருகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். "எண்ணெய் இருக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

நாலு மணிக்குப் போனேன். கையில் ஒரு முத்திரைத்தாள். வெள்ளையாக, ஒன்றும் எழுதாமல். பத்திர எழுத்தன் வெறும் தாளோடு பார்ட்டி முன்னால் உட்காருவது கேவலம். மசூது தாளை விற்கும்போது இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

பாயில் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது.

"ஆவுடை, நீ கீழ வாரியா?"

கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

அப்பாவிடம் அடி வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு வலித்ததில்லை. ஆனால் கதவைச் சாத்துகிற மாதிரியான இல்லை அல்ல அது. சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கீழ வந்தா நான் பழையபடி ஆயிருவேன். நீங்க மாறுனாலும் நான் மாற மாட்டேன். நீங்க கூப்பிடாமலே ஓடி வருவேன். என் காலுக்கு அந்த வீடு அப்படிப் பழகிப் போச்சு. இங்க எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்ப கல்லிடைக்குறிச்சி?"

"அது நீங்க கேக்காம வாக்குக் குடுத்த கோவத்துல பாத்தது. அங்க தண்ணி வேற உப்பு."

நான் பேனாவைத் திறந்தேன். "நீ சொல்லு. நான் எழுதுதேன். ஒரு வார்த்தை கூடச் சேக்க மாட்டேன்."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

சொன்னாள். நான் எழுதினேன். ஒன்று, ஆவுடையம்மாள் மாடியிலேயே இருப்பாள். இரண்டு, காலக்கெடு கிடையாது. மூன்று, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கீழே விருந்துக்கு வருவாள், சமையல் குற்றாலிங்கம். நாலு, வெள்ளிக்கிழமை அவர் மேலே வரலாம், சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்தால். ஐந்து, மகளுக்கு எந்த வாக்குக் கொடுப்பதானாலும் இரண்டு பேரும் பேசிய பிறகே. வாசகம் எல்லாம் கரடுமுரடாக இருந்தது. இரண்டு இடத்தில் கை துறுதுறுத்தது. திருத்தவில்லை.

"உங்க ஷரத்து என்ன?" என்றாள்.

"எனக்கா?"

"ரெண்டு பார்ட்டி இருக்கோம்லா?"

இந்த டைரியில் எங்கும் எழுதாத ஒன்றை அப்போது சொன்னேன். அவள் மாடிக்குப் போன மறுநாளிலிருந்து, ஊரில் இருந்த நாளெல்லாம், விடியற்காலம் கண் விழித்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். சில நாள் அவள் அசந்து தூங்கிவிடுவாள். அன்றைக்கெல்லாம் வெளிப்படியில் பாதி ஏறி நின்றுவிட்டு, அனுமதி இல்லையே என்று இறங்கியிருக்கிறேன்.

"காலைல எந்திரிச்சதும் தரையில ரெண்டு தட்டுத் தட்டு. அது போதும் எனக்கு."

அவள் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

"நீங்க எந்திரிச்சது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"குடைக்கம்பால நானும் தட்டுதேன்."

"ரெண்டு தட்டுதான். மேல கூடாது. கீழ்வீட்டுக்காரர் தொந்தரவு தாரார்னு கேஸ் போட்டுருவேன்."

ஆறாவது ஷரத்தாக எழுதினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

காலை ஐந்து நாற்பது. மேலே இரண்டு தட்டு.

கட்டிலின்மேல் ஏறி நின்று குடைக்கம்பால் மூன்று தட்டினேன். ஒப்பந்தப்படி இரண்டுதான். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் நானே எழுதிய ஷரத்தை நான் மீறுவது இதுதான் முதல் தடவை.

மேலே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பிறகு தட்டினாள். மூன்று.